கோழி சுடும் கடைக்கு எண்ணெய் பூசும் பிரஷ்: எப்படி வடிவமைத்தால் கழுவ எளிது?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கல்முனையில் அவருடைய வீட்டார் மாலை நேரத்தில் கோழியும் மீனும் சுட்டு விற்கிறார்கள். சுடும்போது மசாலாவும் எண்ணெயும் பூசுகிற பிரஷ், வாங்கிய கொஞ்ச நாளிலேயே காறல் வாடை அடிக்கிறது. மயிர் உதிர்ந்து கோழியில் ஒட்டுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் உள்ள பிசுக்குப் போவதில்லை. தானே ஒன்றை வடிவமைத்துச் சிறிய அளவில் செய்து விற்கலாமா, அதற்கு எந்தப் பொருள் நல்லது, எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி. உணவுத் தொழிற்சாலைக் கருவிகளின் சுத்தத்தைப் பார்க்கிற வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தங்கச்சி, பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தூக்கி எறியப் போகிற பழைய பிரஷ் ஒன்றை எடுத்து, மயிரும் மரப்பிடியும் சேருகிற உலோகப் பூணை வாளால் நெடுக்காக அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே மயிரின் அடிகளைப் பிடித்திருக்கும் பசை தெரியும். அந்தப் பசைக்கும் தகரத்துக்கும் நடுவில், தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில், கடும் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் நூலாக இழுபடும். அது எண்ணெய்தான், ஆனால் இப்போது எண்ணெய் இல்லை. காற்றும் சூடும் பட்டுப் பட்டு ஒட்சியேறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிப்போனது. புதிய எண்ணெயைச் சவர்க்காரம் கழுவிவிடும். இந்த நிலைக்கு வந்ததைக் கழுவாது. வாடை அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் நுனியைத் தேய்த்துக் கொண்டிருக்கிறீர்கள், அழுக்கோ பூணுக்குள் குடியிருக்கிறது.

ஆகவே, கழுவ எளிதான கருவி என்றால் முதலில் மூட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். என் முடிவு இது: இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒன்று மூட்டே இருக்கக் கூடாது, அல்லது அந்த மூட்டு கையால் முழுவதும் கழன்று வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது எல்லாம், அதாவது அழுத்திச் செருகியது, பசை வைத்தது, ஆணி அடித்தது, திருகிப் பூட்டியது எல்லாம் அழுக்குக்கு வீடு. உணவு இயந்திரங்களின் சுகாதார வடிவமைப்பில் பல காலமாகக் கடைப்பிடிக்கும் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. உணவு படும் இடத்தில் முட்டுச்சந்து, அதாவது தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாத இடுக்கு, இருக்கக் கூடாது. உள் மூலைகளின் வளைவு ஆரை குறைந்தது 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், 6 என்றால் இன்னும் நல்லது. பரப்பின் கரடு 0.8 மைக்ரோமீற்றருக்கு (ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. தண்ணீர் தானாக வடிய வேண்டும். திருகுமரை உணவுப் பக்கம் இருக்கவே கூடாது. சின்னப் பிரஷ் ஒன்றில் இவை அனைத்தையும் அப்படியே கொண்டுவர முடியாது. எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது, யார் எங்கே கழுவப் போகிறார்கள் என்பது. வெளிநாட்டில் விற்கிற பிரஷ்ஷின் அட்டையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று எழுதியிருப்பார்கள். கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கடையில் அந்த வாக்கியத்துக்குப் பெறுமதி இல்லை. இங்கே கழுவுவது குழாயடியில் அல்லது கிணற்றடியில், பச்சைத் தண்ணீரில், சவர்க்காரக் கட்டியும் விரலும் கொண்டு, இரவு பத்து மணிக்குக் களைத்துப்போன ஒரு பையன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால் எங்கள் தண்ணீரில் அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கும், சவர்க்காரத்தோடு போய்விடும். மாட்டுக் கொழுப்பு அப்படியல்ல. உருக 40 பாகைக்கு மேல் வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டதும் மெழுகாக இறுகிக்கொள்ளும். பிறகு மாரி. கார்த்திகை, மார்கழியில் வாடை மழை பிடித்தால் துணியே காய்வதில்லை. பூணுக்குள் ஏறிய தண்ணீர் எப்படிக் காயும்? பங்குனி வெயிலில் நன்றாக இருக்கிற கருவி மார்கழியில் பூஞ்சணம் பிடித்தால் வடிவமைப்புத் தோற்றது என்றுதான் பொருள்.

இப்போது பொருளுக்கு வருகிறேன். இயற்கை மயிர்ப் பிரஷ் திரவத்தைப் பிடிப்பதில் எதற்கும் சளைத்ததல்ல. ஆனால் மயிர் உதிரும், மயிரின் செதிலுக்குள்ளும் எண்ணெய் ஏறும். இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் ஊரில் விற்கப் போகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சமையல் பிரஷ்களில் பயன்படும் இயற்கை மயிர் பெரும்பாலும் பன்றி மயிர். அட்டையில் வெறுமனே இயற்கை மயிர் என்று மட்டும் போட்டிருப்பார்கள். சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் வாடிக்கையாளரின் உணவில் அதைத் தொடவிடுவது சரியல்ல. ஆட்டு மயிரில் செய்ததும் உண்டு, ஆனால் கழுவும் சிக்கல் அதிலும் அப்படியே இருக்கிறது. நைலோன் நார், வகையைப் பொறுத்து 220 முதல் 260 பாகையில் உருகும். கரி அடுப்பின் கம்பி அதைவிடச் சூடாகப் போவது சாதாரணம், தவறிப் பட்டால் நுனி உருகிக் கோழியில் ஒட்டும். தென்னந்தும்பும் பனந்தும்பும் எங்களிடம் தாராளமாக இருக்கின்றன, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தும்பு தண்ணீரை உறிஞ்சும், இழை பிரியும். அவை கூட்டவும் தேய்க்கவும் உரியவை, உணவில் பூச அல்ல.

மிஞ்சுவது சிலிக்கோன். உணவுத்தர சிலிக்கோன் பொதுவாக 200 முதல் 230 பாகை வரை தாங்கும், உருகி ஒட்டாது, தண்ணீரை உறிஞ்சாது, கொதிநீரில் போட்டு எடுக்கலாம். குறையும் உண்டு. எண்ணெயையும் மணத்தையும் காலப்போக்கில் கொஞ்சம் உள்வாங்கும், மஞ்சள் நிறம் பிடிக்கும். மஞ்சள் கறை அழுக்கு அல்ல, வெயிலில் வைத்தால் பெருமளவு மங்கும். மற்றக் குறை, உங்கள் வடிவமைப்பின் மையச் சிக்கலும் அதுதான்: சிலிக்கோன் நார்கள் திரவத்தைப் பிடிப்பதில் மட்டம். தொட்டு எடுத்தால் பாதி வழியிலேயே சொட்டிவிடும்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பிரஷ் திரவத்தைப் பிடிப்பது நார்களுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான இடைவெளியால். பரப்பிழுவிசை திரவத்தை அந்த இடைவெளியில் நிறுத்தி வைக்கிறது. எண்ணெய்க்கு இந்த விசை புவியீர்ப்பை எதிர்த்து நிற்கக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்குள், தண்ணீருக்கு 2.7 அளவில். இடைவெளி அதைவிடக் கணிசமாகக் குறுகினால் நன்றாகப் பிடிக்கும், அகன்றால் வடிந்துவிடும். மயிர்ப் பிரஷ்ஷில் இடைவெளி மிக மிகச் சிறிது, அதனால்தான் அப்படிப் பிடிக்கிறது. ஆனால் திரவம் தங்குகிற அதே இடைவெளியில்தான் அழுக்கும் தங்கும். நன்றாகப் பூசுகிற பிரஷ் கழுவக் கடினம், கழுவ எளிதான பிரஷ் பூசாது. விற்பனையில் உள்ள பெரும்பாலான சிலிக்கோன் பிரஷ்கள் இந்த இழுபறியைத் தீர்க்காமல் நெருக்கமாக நிறைய நார்களை அடுக்கிவிடுகின்றன. நடுவில் துளையிட்ட மடல்களையும் வைக்கின்றன. பிடிப்புக் கூடும்தான், ஆனால் அந்தத் துளைகளில் பூண்டுத் துணுக்கு ஏறினால் ஊசி கொண்டுதான் எடுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மேல்நாட்டுச் சமையலில் பூசுவது உருக்கிய வெண்ணெய், இறைச்சிச் சாறு போன்ற நீர்த்த திரவம். உங்கள் கடையில் பூசுவது இடித்த செத்தல் மிளகாய், பூண்டு, எருமைத் தயிர், புளி, எண்ணெய் எல்லாம் சேர்ந்த தடித்த கலவை. தடித்த கலவை தன் பிசுப்பாலேயே ஒட்டி நிற்கும், ஒடுக்கமான இடைவெளி அதற்குத் தேவையில்லை. ஒடுக்கினால் கேடுதான். ஒரு செத்தல் மிளகாய் விதை 3, 4 மில்லிமீற்றர் அகலமானது, தட்டையானது. 1 மில்லிமீற்றர் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்து ஆப்பாக இறுகிக்கொள்ளும். ஆகவே இடைவெளியைத் துணிந்து அகலப்படுத்துங்கள். நார் நார் என்று யோசிப்பதையும் விட்டுவிடுங்கள். நுனி திறந்த தட்டையான மடல்கள் நான்கைந்து, சீப்பின் பற்கள்போல ஒரே வரிசையில் நிற்கட்டும். மடல்களுக்கு நடுவே 3 மில்லிமீற்றர் இருந்தால் ஓடும் தண்ணீர் மறுபக்கம் வெளியேறும், மெல்லிய துணியை நுழைத்து இழுக்கவும் முடியும். மடலில் துளை வேண்டாம். பிடிப்புப் போதாவிட்டால் நுனியிலிருந்து கீழ்நோக்கி வெட்டுகள் விடுங்கள், நுனி திறந்த வெட்டைக் கழுவலாம், மூடிய துளையைக் கழுவ முடியாது. இரண்டு மடல் சேரும் அடி சதுர மூலையாக இருக்கக் கூடாது, முழு அரைவட்டமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீற்றர் இடைவெளியில் அதன் ஆரை 1.5 தான் வரும். மேலே சொன்ன விதிக்கு இது குறைவு, ஆனால் அடி ஆழமில்லாமல் கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம். மடலின் நீளம் 35 மில்லிமீற்றர் அளவில், அடியில் 2.5, நுனியில் 1.5 தடிப்பு. மெல்லிய நுனி வளைந்து கோழித் தோலின் மடிப்புக்குள் போகும்.

தலையையும் பிடியையும் இணைப்பதற்கு நான் கழற்றும் முறையையே தேர்ந்தெடுப்பேன். முழுவதும் சிலிக்கோனில் மூடிய ஒரே வார்ப்பு அழகாக இருக்கும், ஆனால் உள்ளே உள்ள உருக்குக்கும் சிலிக்கோனுக்கும் நடுவில் ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் ஏறிவிடும், வெளியே தெரியாது. கழற்றும் முறையில் உள்ள ஆபத்து, யாரும் கழற்ற மாட்டார்கள் என்பது. ஆகவே எண்ணெய்க் கையோடு ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும், திருகவோ அமத்தவோ எதுவும் இருக்கக் கூடாது. கம்பியின் நுனியில் 15 மில்லிமீற்றர் விட்டமுள்ள, முனைகள் உருண்ட ஓர் உருக்குக் குமிழ். தலையின் அடியில் 14 மில்லிமீற்றர் வாயும் 20 ஆழமும் உள்ள கிண்ணம். சிலிக்கோன் சற்று விரிந்து குமிழைக் கவ்விக்கொள்ளும், குமிழின் கழுத்து ஒடுங்குவதால் நெருப்பில் நழுவி விழாது. கிண்ணத்தின் சுவர் 2 மில்லிமீற்றர் மட்டும் தடிப்பாக இருந்தால் விளிம்பை வெளியே புரட்டிக் கழற்றலாம், சிறுவிரலும் உள்ளே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற கிண்ணம் அது.

பிடிக்கு மரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, கரி அடுப்புக்கு 30 முதல் 35 சென்ரிமீற்றர் நீளம். உலோகம் என்றால் கை சுடாதா என்று கேட்பீர்கள். இந்த உருக்கு அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெப்பம் கடத்தாது, அந்த நீளத்துக்குத் தாராளமாகப் பிடிக்கலாம். கைப்பிடிக்கும் இடத்தில் கம்பியை நீண்ட வளையமாக மடித்துவிட்டால் தனிப் பிடி தேவையில்லை, அதிலேயே தொங்கவிடலாம். வளையத்தின் இரு கம்பிகளுக்கு நடுவே விரல் போக வேண்டும். தலைக்குச் சற்று மேலே ஒரு சிறு கூனல் கொடுங்கள், மேசையில் வைத்தாலும் தலை மேசையைத் தொடாது. குமிழைக் கம்பியோடு ஒட்டும் வெல்டிங் முழுவட்டமாகத் தொடர்ந்து ஓடி, பிறகு அரைத்து மினுக்கப்பட வேண்டும். புள்ளி வெல்டிங் வைத்தால் அந்த இடுக்கில்தான் துரு தொடங்கும். துருப்பிடிக்காத உருக்கு என்பது ஒட்சிசன் பட்டுக்கொண்டே இருந்தால்தான் துருப்பிடிக்காது. காற்றுப் போகாத இடுக்கில் உப்பு நின்றால் அதுவும் அரிபடும். கடற்காற்றும் உப்புக் கலவையும் புளியும் எலுமிச்சையும் உள்ள எங்கள் பக்கத்துக்கு, முடிந்தால் 304 என்ற தர உருக்குக்குப் பதிலாக 316 என்ற தரத்தை வாங்குங்கள். அதில் உள்ள 2, 3 சதவீத மொலிப்டினம் என்ற உலோகம் உப்பை எதிர்த்து நிற்கும். விலை கூடத்தான். 304 என்றால் வெல்டிங்கில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நிறம் நீலமாக இருக்கட்டும். நீல நிற உணவு அநேகமாக இல்லை, ஒரு துண்டு கிழிந்து கோழியில் ஒட்டினாலும் உடனே கண்ணில் படும். தொழிற்சாலைகளில் கையுறையும் பிளாஸ்டரும் நீலமாக இருப்பது இதற்காகவே. சிவப்பு நிறத் தலையில் மிளகாய் விழுது இருப்பதே தெரியாது.

ரப்பர்க் குமிழ் வைத்த உறிஞ்சு குழாயையும் செய்யலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். நீண்ட ஒடுங்கிய குழாய், உள்ளே எண்ணெய், உட்புறம் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்க் குமிழ், கழுவ முடியாமைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தட்டில் வடிந்த சாற்றை அள்ளி ஊற்றுவதற்கு ஒரு கரண்டி போதும். கரண்டிக்கு உள்ளிடம் என்று ஒன்றே இல்லை. கரியில் வாட்டும்போது வீட்டுத் தேவைக்கு ரம்பை இலைகளைக் கட்டி நுனியை நசுக்கினாலும் பூசலாம், தோசைக்கல்லுக்கு வாழையிலைக் காம்பு போல. வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம், கழுவவே வேண்டியதில்லை. கடைக்கு அது கட்டாது.

செய்யும் முறையில் இரண்டு எச்சரிக்கைகள். கைவினைக்கு அச்செடுக்க விற்கும் சிலிக்கோனில் பல வகை தகரச் சேர்மத்தால் இறுகுவது, உணவுக்கு ஆகாது. பிளாட்டினத்தால் இறுகும் உணவுத்தர வகை என்று எழுத்தில் உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். அது கந்தகம் பட்டால் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும், ஆகவே கந்தகம் கலந்த களிமண்ணில் மாதிரி செய்யாதீர்கள். இரண்டாவது, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சு எடுக்கும் ஆசை. அதன் ஒவ்வொரு படையும் ஒரு வரி. அந்த வரிகளைச் சிலிக்கோன் அப்படியே நகலெடுத்துக்கொள்ளும், உங்கள் தலை முழுவதும் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும். வடிவத்தைப் பார்க்க அது போதும். விற்பதற்கு அலுமினியத்தில் கடைந்து மினுக்கிய அச்சு வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு மடலின் அடியில் விழாமல் பக்கவாட்டில் விழும்படி பிரியுங்கள், அந்தக் கோட்டில் மெல்லிய பிசிர் எப்போதும் வரும்.

சோதனைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, மஞ்சளே போதும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள், ரூபாய்த் தாள் பார்க்கிற புற ஊதா விளக்கின் கீழ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். எண்ணெய், மஞ்சள், உங்கள் கடைக் கலவை மூன்றையும் சேர்த்துத் தலையைத் தோய்த்து, சூட்டில் காட்டி, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் கடைப் பையனிடம் கொடுத்து, எப்போதும் கழுவுகிற மாதிரியே கழுவச் சொல்லுங்கள். சோதனை என்று சொல்லாதீர்கள். பிறகு இருட்டறையில் தலையைக் கழற்றி விளக்கைக் காட்டுங்கள். சிலிக்கோன் குடித்த நிறம் சீராக மங்கலாக ஒளிரும், மிஞ்சிய அழுக்கு திட்டுத் திட்டாக ஒளிரும். சந்தேகமான இடத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் குச்சியை விளக்கில் பாருங்கள். குச்சி ஒளிர்ந்தால் அந்த மூலையை மாற்றி வரைய வேண்டும். நகைக்கடைத் தராசு கிடைத்தால், கலவையில் தோய்த்துத் தூக்கிப் பத்து விநாடி கழித்து நிறுத்துப் பாருங்கள், எவ்வளவு பிடிக்கிறது என்பது தெரியும். மடல் இடைவெளியை 2, 3, 4 மில்லிமீற்றர் என்று மாற்றி இரண்டு சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கலவைக்குரிய அளவு தானே வெளிப்படும்.

எவ்வளவு நல்ல வடிவமும் காப்பாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. பச்சைக் கோழிக்குப் பூசிய பிரஷ்ஷை, வெந்து முடியப் போகிற கோழியில் பூசக் கூடாது. பச்சை இறைச்சியில் உள்ள சல்மொனெல்லா, கம்பைலோபக்ரர் என்ற நோய்க் கிருமிகள் அப்படித்தான் வெந்த உணவுக்கு வருகின்றன. ஆகவே ஒற்றைத் தலையாக விற்காதீர்கள், இரண்டு தலைகளாக விற்றுவிடுங்கள். கடும் நீலம் பச்சை இறைச்சிக்கு, வெளிர் நீலம் வெந்ததற்கு. கலவைக் கிண்ணமும் இரண்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷ்ஷைப் பிரித்துப் பயனில்லை. முட்டையோ தயிரோ பட்ட தலையை எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு 60 பாகையைத் தாண்டியதும் இறுகி ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சவர்க்காரமும் சுடுநீரும், கடைசியில் தலையைக் கழற்றிய நிலையிலேயே கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கும்படி காயவிடுவது. இந்த வரிசையைப் பிரஷ்ஷோடு ஒரு சிறு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

முதல் தொகுதியில் பிடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தலை அச்சு ஒன்று, குமிழ் வைத்த சாதாரணக் கம்பிகள் சில, அவ்வளவு போதும். உங்கள் வீட்டார் கடையிலும், கடல் மீன் சுடுகிற இன்னொரு கடையிலும், வீட்டுச் சமையலறை ஒன்றிலும் கொடுத்து ஐப்பசியில் தொடங்கித் தை வரை பாவிக்கச் சொல்லுங்கள், மழை மாதங்கள் அதற்குள் அடங்கிவிடும். தை முடிவில் ஒவ்வொரு தலையையும் வாங்கிக் கிண்ணத்தை வெளியே புரட்டிப் பாருங்கள். கரும்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது, எந்த மடல் அடியில் கிழியத் தொடங்கியிருக்கிறது என்று குறித்துப் படத்தோடு அனுப்புங்கள், அச்சில் எதைத் திருத்துவது என்று சொல்கிறேன்.